அரை மூச்சு முந்திய சிரிப்பு

மேடையில் நின்று நாலு பேரைச் சிரிக்க வைத்தவனுக்கு ஒன்று தெரியும். நல்ல சிரிப்பு உடனே வராது. சொன்னது காதில் விழுந்து, உள்ளே போய், அரை மூச்சு நேரம் நின்று, அப்புறம்தான் கிளம்பும். அந்த அரை மூச்சு நேரம் மேடையில் இருப்பவன் காது கொடுத்துக்கொண்டு நிற்பான். வருமா, வராதா என்று தெரியாது. வந்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். நான் நூல் மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்து சூப்பர்வைசர் ஆனவன். எனக்கு மேடை வருடத்தில் ஒரே ஒரு நாள்தான். ஆனாலும் இந்த அரை மூச்சு விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் மகன் பதினேழு பதினெட்டு வருடம் ஏமாற்றியிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு ஹாலில்தான். கறிக்குழம்பு, டிவி, நான், பெண்டாட்டி, மகன் என்று மூன்று பேர். வாரம் முழுக்க அவன் கன்னடத்தில் படித்தான், கன்னடத்தில் விளையாடினான், தூக்கத்தில்கூடக் கன்னடத்தில்தான் உளறினான். மைசூரில் பிறந்த பிள்ளை வேறு எப்படி இருக்கும்? அதனால் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சானலில் வரும் காமெடி நிகழ்ச்சியைத்தான் அவனுக்குத் தமிழ் டியூஷனாக வைத்தேன். ஒரு பைசா செலவில்லாத டியூஷன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்ததும் உண்டு.

அந்த நிகழ்ச்சிகளில் ஒரு ஆள் அடிக்கடி வருவான். ஆள் என்றால் ஒரே ஆள் இல்லை, நடிகர்கள் மாறுவார்கள், உருப்படி ஒன்றுதான். மணிக்கட்டை மடித்துக்கொண்டு, இடுப்பை ஒடித்துக்கொண்டு நடப்பான். இன்னொரு ஆம்பிளை பக்கத்தில் போய்க் கொஞ்சம் அதிகமாகவே ஒட்டி நிற்பான். அந்த இன்னொருத்தன் தேள் கொட்டின மாதிரி துள்ளி ஓடுவான். அவ்வளவுதான் காமெடி. அவன் உள்ளே வரும்போதே மூக்கால் பாடுகிற மாதிரி ஒரு இசை போடுவார்கள், "டொய்ங்ங்" என்று. அந்த இசை கேட்டதுமே என் மகன் சிரித்துவிடுவான். வசனம் வருவதற்கு முன்னாலேயே, நான் சிரிப்பதற்கு முன்னாலேயே. பார், எவ்வளவு கெட்டிக்காரன், ஜோக் வருவதற்குள் பிடித்துவிடுகிறான் என்று அவன் தலையைத் தடவிவிட்டு நான் எலும்பைக் கடிப்பேன்.

என் மேடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மில் நஞ்சன்கூடு தொழிற்பேட்டையில். காலையில் கம்பெனி பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்பி வருவேன். மற்ற நாளெல்லாம் எங்கள் வீட்டு ஆட்களுக்கு மில் கேட்டுக்கு உள்ளே அனுமதி கிடையாது. ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் கேட் திறந்திருக்கும். பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், இதுதான் என் மெஷின் என்று காட்டலாம். மெஷினுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து முடித்ததும் குடோனுக்குப் பின்னால் ஷாமியானா போட்டுக் கலை நிகழ்ச்சி நடக்கும்.

முதல் வருடம் நான் தமிழில் பேசி நடித்தேன். தமிழ்க்காரர்கள் பத்துப் பேர் சிரித்தார்கள், மிச்சப் பேர் கடலையும் பொரியும் தின்றார்கள். அடுத்த வருடம் கன்னடத்தில் முயன்றேன். நான் கோபிநத்தம் பக்கத்தில் தமிழ் பேசுகிற ஒரு காட்டு ஊரிலிருந்து வந்தவன். என் கன்னடமே அவர்களுக்குக் காமெடிதான், ஆனால் நான் நினைத்த இடத்தில் சிரிக்க மாட்டார்கள், நினைக்காத இடத்தில் சிரிப்பார்கள். எங்கள் மில்லில் கன்னடக்காரர், தமிழர், தெலுங்கர், அப்புறம் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் என்று ஆளுக்கொரு பாஷை. இத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு ஜோக்கு எங்கே கிடைக்கும்?

டிவியில் கிடைத்தது. மூன்றாவது வருடம் தோளில் ஒரு துண்டைத் தாவணி மாதிரி போட்டுக்கொண்டு, மணிக்கட்டை மடித்து, அந்த நடையை நடந்துகொண்டே போய் ஸ்டோர்ஸ் மேனேஜர் பக்கத்தில் ஒட்டி நின்றேன். அவர் துள்ளினார். சிரிப்பில் ஷாமியானா கிழிந்தது. ஒடிசாக்காரன் சிரித்தான், பீகார்க்காரன் சிரித்தான், முன் வரிசையில் முதலாளி வீட்டு அம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பாஷையே தேவைப்படாத ஜோக்கு. அன்றிலிருந்து மில்லில் எனக்கு நடை சார் என்று பேர். கம்பெனி பஸ்ஸில் ஏறினால் பின்சீட்டிலிருந்து ஒருத்தன் "டொய்ங்ங்" என்பான், நான் ரெண்டு அடி நடந்து காட்டிவிட்டுத்தான் உட்காருவேன்.

அப்போது என் மகனுக்கு ஒன்பது வயது. மேடை ஓரத்தில் நின்று எனக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தவன் அவன்தான். பன்னிரண்டு பதிமூன்று வயதில் அந்த வேலை வேண்டாம் என்றான். கூச்சம் என்று விட்டுவிட்டேன். ஆனால் முன் வரிசையில் உட்கார்ந்து எல்லோருக்கும் முந்திச் சிரிப்பான். இவன்தான் என் முதல் ரசிகன் என்று மைக்கிலேயே சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் அதே வயதில்தான் ஆரம்பித்தது. எப்போது பார்த்தாலும் ரெண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டே நடப்பான். பெரியவர்கள் வந்தாலும் எடுக்க மாட்டான். கோயிலில்கூட நான் திட்டித்தான் கை வெளியே வந்து கும்பிடும். "கையை எடுடா, என்ன பெரிய கலெக்டரா நீ?" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்! பாக்கெட்டில் எதை ஒளித்து வைத்திருக்கிறான் என்று ஒரு தரம்கூட யோசித்ததில்லை. இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

அவன் படித்து முடித்துப் பெங்களூரில் வேலைக்குப் போனான். சனிக்கிழமை ரயிலேறி வருவான், ஞாயிறு சாயங்காலம் ஆறு மணி ரயிலில் திரும்புவான். நானும் ஊரில் உள்ள அப்பன்களைப் போலப் பெண் பார்க்கத் தொடங்கினேன். போன வருடம் ஆனி மாதம், குண்டலுபேட்டையில் ஒரு நல்ல இடம். தோட்டம் துரவு உள்ள குடும்பம், பெண் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் போட்டோவை எடுத்து வந்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவன் போட்டோவைப் பார்க்கவில்லை. டிவியைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அப்பா, குண்டலுபேட்டைக்காரங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிடுங்க."

"ஏண்டா, பொண்ணு நல்லாத்தானே இருக்கு?"

"இந்தப் பொண்ணு மட்டும் இல்லப்பா. எந்தப் பொண்ணும் வேண்டாம். நான் ஒருத்தரோட இருக்கேன். நாலு வருஷமாச்சு." பிறகு ஒரு பேரைச் சொன்னான். ஆம்பிளைப் பேர்.

எனக்குப் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று சொன்னால் பொய். என் பெண்டாட்டி கரண்டியோடு அசையாமல் இருந்தாள். ஹாலில் அப்படி ஒரு அமைதி. மேடையேறிப் பழகினவனுக்கு அமைதி ஆகாது, எதையாவது போட்டு அதை உடைக்கத் தோன்றும். நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். குழம்புக் கையோடு மணிக்கட்டை மடித்தேன். "டொய்ங்ங்" என்றேன்.

அவன் சிரித்தான். உடனே சிரித்தான், ஒன்பது வயதில் சிரித்த அதே மாதிரி. பிறகு எழுந்து கை கழுவினான், பையை எடுத்தான், அம்மா தோளைத் தொட்டான். "ரயிலுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனான். மணி அப்போது ரெண்டரை. தட்டில் வைத்த கறி வைத்தபடி இருந்தது.

"பாத்தியா, சிரிச்சுட்டுத்தான் போறான். ஒண்ணும் மனசுல வெச்சுக்க மாட்டான்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

என் பெண்டாட்டி தட்டை எடுத்தாள். அவளுக்கு ஆறு மாசமாகவே தெரியுமாம். "எங்கிட்டச் சொல்றப்ப அழுதானுங்க. உங்ககிட்டச் சிரிச்சுட்டுப் போறான். எது பெருசுன்னு நீங்களே ரோசனை பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அம்மாவுக்குப் போன் வரும், அப்பா எப்படி இருக்கார் என்று கேட்பானாம், அதோடு சரி. ஆடி போய் ஆவணி வந்தது. மூன்று பேர் உட்கார்ந்த ஹாலில் நாங்கள் ரெண்டு பேர் உட்கார்ந்து அரைக்கிலோ கறியைத் தின்ன முடியாமல் தின்றோம். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. இப்படியே போனால் கல்யாணம், கருமாதி என்று விசேஷத்துக்கு மட்டும் வந்து போகிற விருந்தாளி ஆகிவிடுவானோ என்று பயம் பிடித்துக்கொண்டது. பயந்தேன் என்று வெளியே சொல்லவில்லை, சண்டை போட்டேன்.

யாரோடு? பெண்டாட்டியோடு, கம்பெனி பஸ் ஜன்னலோடு, எனக்குள்ளேயே. நான் என்ன அடித்தேனா, திட்டினேனா, வீட்டைவிட்டு வெளியே போ என்றேனா? ஒரு ஜோக்கு, அவ்வளவுதானே? டிவியில் யாரைத்தான் விட்டுவைக்கிறார்கள்? குண்டானவன், குள்ளமானவன், மாமியார், குடிகாரன், எல்லோரையும்தான் வாருகிறார்கள். எனக்கு முப்பத்தெட்டு வயதிலேயே தலை வழுக்கை. வாரத்துக்கு நாலு வழுக்கை ஜோக்காவது பார்க்கிறேன், விழுந்து விழுந்து சிரிக்கிறேன். வழுக்கைத் தலையர்கள் சங்கம் வைத்துக் கொடியா பிடிக்கிறோம்? இதையெல்லாம் ஒருநாள் மூச்சு விடாமல் என் பெண்டாட்டியிடம் கொட்டினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"உங்க வழுக்கையை நீங்க யாருகிட்டயாச்சும் மறைச்சு வெச்சிருந்தீங்களாங்க?"

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல டிவி ஓடிக்கொண்டிருந்தது. வழக்கம்போல அந்த உருப்படி வந்தான், அந்த இசை வந்தது. என் காது தானாகவே சோபாவின் இடது மூலைக்குப் போனது, அங்கிருந்துதான் முதல் சிரிப்பு வரும். வரவில்லை. டிவியில் வசனம் வந்தது, பதிவு செய்த சிரிப்பு வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடமும் அவன் சிரிப்பு ஜோக்குக்கு முன்னாலேயே வந்துகொண்டிருந்தது. நல்ல சிரிப்பு அப்படி வராது. எவனுக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதுமட்டும் இல்லை. முந்திச் சிரிக்கிற அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. நான் மில்லில் சேர்ந்த புதிதில் கான்டீன் மேஜையில் ஒருத்தன் தினமும் என் கன்னடத்தைப் பேசிக் காட்டுவான். நான் "ஏனுங்க" என்று இழுப்பதை இழுத்துக் காட்டுவான். என்னைக் கொங்கா என்று கூப்பிடுவான், தமிழனை அங்கே கொஞ்சம் இளக்காரமாகச் சொல்கிற வார்த்தை. காவிரித் தண்ணீர்ப் பிரச்னை சூடாக இருக்கிற நாட்களில் அதே ஜோக்கை அதே ஆள் சொன்னாலும் மேஜையில் வேறு மாதிரி ஒரு காற்று அடிக்கும். அதனால் நான் ஒரு வித்தை கற்றுக்கொண்டேன். அவன் தொண்டையைச் செருமும்போதே சிரித்துவிடுவேன். நான் முந்திச் சிரித்தால் அது ஜோக்கு. சிரிக்காமல் உட்கார்ந்திருந்தால் அது வேறு என்னவாக மாறும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு வருடம் கழித்து, இந்தத் தமிழன் ரொம்ப நல்லவன், எதையும் மனசில் வைத்துக்கொள்ள மாட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். மகனைப் பற்றி நானும் அதே வார்த்தையைத்தானே சொன்னேன்!

எனக்காவது சாயங்காலம் பஸ்ஸேறினால் வீடு இருந்தது. வீட்டில் நான் எப்படிப் பேசினாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள். அவனுக்கு வீடே அந்தக் கான்டீனாக இருந்திருக்கிறது, மேஜையில் எதிரே உட்கார்ந்து செருமினவன் நான். சோபாவில் உட்கார்ந்தபடியே அழுதேன். என் பெண்டாட்டி டிவியை அணைத்தாள்.

அன்றைக்கே போன் போட்டேன். எடுத்தான். என்ன பேசுவது என்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோய் நேராகக் கேட்டேன்.

"ஏண்டா, அந்த ஜோக்கெல்லாம் உனக்கு நெஜமாவே நோகுமாடா?"

"நோகும்னா... கோபம் எல்லாம் வராதுப்பா. அவன் உள்ளே வந்ததும் நான் டிவியவே பார்க்க மாட்டேன். என்னை யாராவது பார்க்கறாங்களான்னு பார்ப்பேன். சிரிக்காம இருந்தா தெரிஞ்சிடுமோன்னு ஒரு பயம். அஷ்டே. அவ்ளோதான்."

"எல்லா ஜோக்குமா?"

"இல்லப்பா. சிலது நெஜமாவே நல்லா இருக்கும், அதுதான் இன்னும் கஷ்டம்." லேசாகச் சிரித்தான். "இங்க ரூம்ல நாங்களே எங்களைப் பத்தி என்னென்னவோ பேசிச் சிரிப்போம். நீங்க கேட்டா காதைப் பொத்திக்குவீங்க. ஆனா அந்த ஜோக்குல நாங்க ஆளுங்க. சாப்பிடுவோம், சண்டை போடுவோம், வாடகை வீடு தேடி அலைவோம். உங்க டிவில ஆளே இல்லப்பா. ஒரு நடை மட்டும்தான் வருது, போகுது."

அந்த நடையை அவனுக்கு முன்னால் எத்தனை ஆயுத பூஜைக்கு நடந்திருக்கிறேன் என்று விரல் விட்டு எண்ண எனக்குத் தைரியம் வரவில்லை. "தப்புப் பண்ணிட்டேண்டா" என்றேன். மகனிடம் அந்த வார்த்தையை அதுவரை நான் சொன்னதில்லை. "விடுங்கப்பா" என்றான் அவன், பிறகு சாப்பிட்டாச்சா என்று கேட்டான்.

போனை வைப்பதற்கு முன்னால் கேட்டேன். "ஆயுத பூஜைக்கு வர்றியா? எனக்கு இதுதான் கடைசி. மார்கழியில ரிட்டையர்டு."

"நடப்பீங்களா?"

"நடக்க மாட்டேன்."

"நான் நடக்காதீங்கன்னு சொல்லல."

"நானாத்தான் சொல்றேன்."

"சரி. நான் தனியா வரட்டுமா, இல்ல..." என்று இழுத்தான். அந்த 'இல்ல'வில் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குக் கேட்டது. இந்தத் தடவை நான் அமைதியை உடைக்க எதையும் தேடவில்லை.

"ஷாமியானாவுல இடமா இல்ல? ரெண்டு சேர் போட்டாப் போச்சு."

ஆயுத பூஜை அன்றைக்கு ரெண்டு பேரும் மில் கேட்டில் வந்து இறங்கினார்கள். நான் எதிர்பார்த்தது என்ன என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. டிவி எனக்குக் காட்டிய உருப்படியைத்தான் கேட்டில் நின்று தேடிக்கொண்டிருந்தேன். வந்தவன் என் மகனைவிட ஒரு சாண் அகலம், அடர்ந்த மீசை, மண்டியா பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன், லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. என் கால்களைத் தொட்டு வணங்கினான். எழுந்து ரெண்டு நிமிடத்தில் என் மெஷின் பக்கத்தில் குனிந்து நின்றுகொண்டு, "ஸார், இந்த பேரிங்குக்கு எந்த கிரீஸ் போடறீங்க?" என்று கன்னடத்தில் கேட்டான். அரை மணி நேரம் கிரீஸ் பற்றிப் பேசினோம். என் மகன் பாக்கெட்டில் கையை விட்டபடி பக்கத்தில் நின்று எங்கள் ரெண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். என் பெண்டாட்டி அந்தப் பையனுக்குப் பொரியோடு ரெண்டு மைசூர்பாகு அதிகமாக வைத்தாள்.

அன்று காலையில் மில்லில் ஒரு கூத்து நடந்திருந்தது. கேட்டில் விரல் வைத்து வருகைப் பதிவு செய்யும் மெஷின் ஒன்று உண்டு. அதற்கும் என்னைப் போன்ற பழைய ஃபிட்டர்களுக்கும் ஆகவே ஆகாது. முப்பது வருடம் இரும்பும் எண்ணெயும் பிடித்துப் பிடித்து எங்கள் விரல் ரேகையெல்லாம் தேய்ந்துவிட்டது. வைத்தால் "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்று ஒரு பெண் குரல் சொல்லும். தினமும் காலையில் பத்துப் பேராவது அந்தப் பெண்ணிடம் கெஞ்சிக்கொண்டு நிற்போம். ஆயுத பூஜை ஆயிற்றே என்று செக்யூரிட்டி பக்தியோடு அந்த மெஷினுக்கும் மாலை போட்டு, விரல் வைக்கிற கண்ணாடிக்கு நேராகச் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார். அப்புறம் யார் விரலும் ஏறவில்லை. துடைத்தால் சரியாகிவிடும். ஆனால் பூஜை நாளில் வைத்த பொட்டை அழிக்க யாருக்குக் கை வரும்? வருகைக் கணக்குப் பார்க்கிற, பட்டு வேட்டியில் வந்த பர்சனல் ஆபீசரே, "நான் மாட்டேனப்பா" என்று பின்வாங்கிவிட்டார். கடைசியில் நோட்டுப் புத்தகம் கொண்டுவந்து நூறு பேரும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டோம்.

சாயங்காலம் மேடையில் என் பேரை அழைத்ததும் கூட்டம் "நடை! நடை!" என்று கத்தியது. பின்பக்கத்திலிருந்து பத்துப் பேர் சேர்ந்து "டொய்ங்ங்" போட்டார்கள். யாரோ ஒருத்தர் பழக்கதோஷத்தில் துண்டை மேடைக்கு வீசினார். பிடித்தேன். மூன்றாவது வரிசையில் என் மகன். கை பாக்கெட்டில். நடக்க மாட்டேன் என்று நான் சொல்லியும்கூட அவன் உதடுகள் சிரிக்கத் தயாராக இருந்தன. இத்தனை வருடப் பழக்கம் உடனே போகுமா?

துண்டைத் தோளில் போடவில்லை. ஆட்காட்டி விரலைத் துண்டால் நன்றாகத் துடைத்தேன். துடைத்த விரலைக் காற்றில் ஒரு இடத்தில் வைத்து அழுத்தினேன். கூட்டம் அமைதியானது. என்ன செய்கிறான் இவன்? விரலை எடுத்துப் பார்த்தேன், மறுபடி வைத்தேன். குரலை மெல்லிசாக்கிச் சொன்னேன்.

"ப்ளீஸ் ட்ரை அகெய்ன்."

அரை மூச்சு. ஃபிட்டர்கள் உட்கார்ந்திருந்த மூலையில் பற்றிக்கொண்டது. பிறகு கட்டைவிரல் வைத்தேன், சுண்டுவிரல் வைத்தேன், விரலை ஊதி வைத்தேன், செருப்பைக் கழற்றிக் கால் பெருவிரலை வைத்தேன். கைகூப்பினேன். பொட்டு வைத்தேன், தேங்காய் உடைத்தேன், தலையைச் சுற்றிப் பூசணிக்காய் போட்டேன். ரிட்டையர்மென்ட் கடிதத்தை எடுத்துக் காட்டி, "இன்னும் மூணு மாசம்தாம்மா, பொறுத்துக்க" என்று கன்னடத்தில் கெஞ்சினேன். ஒடிசாப் பையன் சிரித்தான், பீகார்ப் பையன் சிரித்தான், பர்சனல் ஆபீசர் பட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாஷை தேவைப்படாத ஜோக்கு எங்கள் கேட்டிலேயே இருந்திருக்கிறது. நடைக்கு வந்த சிரிப்பில் முக்கால்வாசிதான் வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். பின்வரிசையில் ரெண்டு பேர் முகம் தொங்கப்போட்டு எழுந்தும் போனார்கள். போகட்டும்.

நான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது வேறு ஒன்றுக்காக. முதல் சிரிப்பு வந்தபோது மூன்றாவது வரிசையில் அவன் சிரிக்கவில்லை. வாயை லேசாகத் திறந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். மீசைக்காரப் பையன் தொடையைத் தட்டிச் சிரித்தான், என் பெண்டாட்டி சிரித்தாள், அவன் சும்மா இருந்தான். தேங்காய் உடைத்தபோதும் சும்மா இருந்தான். எல்லோரும் சிரித்து ஓய்ந்து, நான் துண்டை மடித்துக்கொண்டு படியிறங்கும்போது காற்றில் நின்ற அந்த மெஷினை ஒரு தரம் திரும்பிப் பார்த்து, "நாளைக்கு வர்றேன்" என்பது போலத் தலையாட்டினேன். அப்போது வந்தது.

நான் அதுவரை கேட்டிராத சிரிப்பு. அவனுக்குப் பன்றி உறுமுகிற மாதிரி நடுவில் ஒரு சத்தம் வருமென்று இருபத்தேழு வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். குனிந்து, திணறி, பக்கத்தில் இருந்தவன் தோளில் சாய்ந்து சிரித்தான். ஊரே சிரித்து முடித்த பிறகு, யாரைப் பற்றியும் கவலைப்படாமல், தனியாகச் சிரித்தான். முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கவில்லை. பாக்கெட்டிலிருந்து ரெண்டு கையும் வெளியே வந்து, மணிக்கட்டு தானாகவே மடிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தன.